நூலகத்தைச் சுற்றிக் காட்டினால் போதாது, தேடக் கற்றுக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் புதிய மாணவர் வந்து சேரும் முதல் வாரத்தில் ஒரு சடங்கு நடக்கிறது. இருநூறு பேரை மண்டபத்தில் உட்கார வைத்து, எத்தனை புத்தகம் இரவல் எடுக்கலாம், தாமதமானால் அபராதம் எவ்வளவு, இணையப் பட்டியலில் எங்கே சொடுக்க வேண்டும் என்று ஒரு மணி நேரம் திரையில் காட்டுவார்கள். வருகைத் தாள் சுற்றி வரும். 'தகவல் திறன் பயிற்சி நடத்தப்பட்டது' என்று கோப்பில் ஏறிவிடும். ஏழாவது வாரத்தில், தேடி எழுதிக் கொடுக்க வேண்டிய முதல் இடுபணி வரும்போது, எங்கே தேடினாய் என்று அதே மாணவரைக் கேட்டுப் பாருங்கள். கூகளின் முதல் பக்கம் என்பார். இப்போது அதுவும் போய் சாட்ஜிபிடி என்கிறார்.

மாணவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தேடுவதற்கு எதுவும் இல்லாத வாரத்தில் தேடக் கற்றுக்கொடுத்தால் மனத்தில் நிற்காது. பசி எடுக்குமுன் ஊட்டிய சோறு அது.

தகவல் எழுத்தறிவு, அதாவது தேவையான தகவலைத் தேடி எடைபோட்டுப் பயன்படுத்தும் திறன், என்ற சொல் புதிதல்ல. 1974இல் பால் சுர்கோவ்ஸ்கி என்ற அமெரிக்கர் அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அமெரிக்கக் கல்லூரி நூலகர்களின் சங்கம் 2000ஆம் ஆண்டில் அதற்கு ஐந்து தர அளவுகளை வகுத்தது. 2016இல் அவற்றைக் கைவிட்டு ஆறு அடிப்படைக் கருத்துகள் கொண்ட ஒரு சட்டகத்தை ஏற்றுக்கொண்டது. பட்டியலில் டிக் போடுகிற வேலையாக இதைச் சொல்லிக் கொடுத்தால் பயன் குறைவு என்பதை அவர்களே உணர்ந்து மாற்றினார்கள். நம் மண்டபங்களில் இன்னும் டிக் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

செய்யக்கூடியது பெரிய காரியமல்ல. பதினான்கு வாரப் பருவத்தில் மூன்று அமர்வுகள், ஒவ்வொன்றும் 90 நிமிடம், மூன்றாம், ஐந்தாம், எட்டாம் வாரங்களில். ஒரு குழுவுக்கு 25 பேருக்கு மேல் வேண்டாம். ஒவ்வொருவரும் தம் இடுபணித் தலைப்போடு வர வேண்டும். விரிவுரையாளரும் அறையில் இருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அவர் நூலகரிடம் வகுப்பை ஒப்படைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனால், அன்று பாடம் இல்லை என்றுதான் மாணவர் எடுத்துக்கொள்வார். அதேபோல, நூலகர் தமக்குப் பிடித்த தலைப்பை வைத்துத் தேடிக் காட்டினால் மாணவர் ரசித்துப் பார்ப்பார். தம் தலைப்புக்குத் திரும்பியதும் பழைய வழியில்தான் தேடுவார்.

முதல் அமர்வு முழுவதும் சொற்களுக்கே போக வேண்டும். 'மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை குறைவது ஏன்?' என்பது தலைப்பு என்று வைத்துக்கொள்வோம். மாணவர் இந்த வாக்கியத்தையே தேடுபெட்டியில் தட்டுகிறார். கிடைப்பவை ஐந்தாறு செய்திகள், இரண்டு முகநூல் பதிவுகள், ஒரு மேடைப் பேச்சு. 'சார், இந்தத் தலைப்புக்குத் தகவலே இல்லை' என்று திரும்பி வருகிறார்.

ஒரு தாளில் மூன்று பத்தி போடச் சொல்லுங்கள்: தமிழ், மலாய், ஆங்கிலம். தலைப்பில் உள்ள கருத்துகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று மொழியிலும் வழங்கும் சொல்லை எழுத வேண்டும். நம் நாட்டில் ஒரு விஷயத்தின் மூன்று முகங்கள் மூன்று மொழிகளில் கிடக்கின்றன. பள்ளிவாரியான எண்கள் கல்வி அமைச்சின் மலாய் ஆவணங்களில், தமிழ்ப்பள்ளிகளைக் குறிக்கும் 'எஸ்ஜேகே(டி)' என்ற பெயரின் கீழ் இருக்கும். ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பகுதி ஆங்கிலத்தில். பெற்றோர் என்ன நினைக்கிறார்கள், ஊரில் என்ன பேச்சு என்பது தமிழ்ப் பத்திரிகைகளில். தமிழில் மட்டும் தேடியவருக்குக் கருத்து கிடைக்கும், கணக்கு கிடைக்காது. ஆங்கிலத்தில் மட்டும் தேடியவருக்கு ஆய்வு கிடைக்கும், அந்த ஆய்வு யாரைப் பற்றியதோ அவர்களின் குரல் கிடைக்காது.

அடுத்தது எழுத்துக் கூட்டல். 'தமிழ்ப்பள்ளி' என்று சேர்த்து எழுதுவோர் உண்டு. 'தமிழ்ப் பள்ளி' என்று பிரித்து எழுதுவோர் உண்டு. ஒற்றை விட்டு 'தமிழ் பள்ளி' என்பவரும் உண்டு. நமக்கு மூன்றும் ஒன்று, கணினிக்கு மூன்று வேறு சரங்கள். கூகள் ஓரளவு ஊகித்துக்கொள்ளும், நூலகத் தரவுத்தளங்களில் பெரும்பாலானவை ஊகிக்காது. ஆகவே மூன்று வடிவத்தையும் தனித்தனி மேற்கோள் குறிக்குள் இட்டு, நடுவில் 'அல்லது' என்று பொருள்படும் 'ஆர்' என்ற ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் போட்டுத் தேட வேண்டும். சிறிய எழுத்தில் போட்டால் கூகள் அதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளாது. 'மலேசியா, மலேஷியா, மலாயா' என்பதற்கும் இதே வைத்தியம். 1963க்கு முந்தியதைத் தேடுபவர் 'மலாயா'வை மறந்தால் பாதி வரலாறு கைநழுவிப் போகும்.

வேற்றுமை உருபு இன்னொரு கண்ணி. 'தோட்டம்' என்று தேடினால் 'தோட்டத்தில்', 'தோட்டத்து' வராமல் போகலாம். தரவுத்தளங்களில் சொல்லின் மாறாத பகுதியை மட்டும் எழுதி நட்சத்திரக் குறி போட வேண்டும். இங்கே அது 'தோட்ட'. ஆனால் 'வீடு' அப்படி அடங்காது, 'வீட்டில்' என்று இரட்டித்துவிடும். 'வீடு' ஒன்று, 'வீட்' என்று புள்ளியோடு இன்னொன்று என இரண்டு வடிவம் கொடுக்க வேண்டும். நாடு, காடு, ஆறு எல்லாம் இந்த இனம். பள்ளியில் படித்த புணர்ச்சி விதி எதற்கும் பயன்படாது என்று நினைக்கும் மாணவருக்கு இதைக் காட்டலாம். ஓர் எச்சரிக்கை: நூலகத் தரவுத்தளத்தில் சொல்லின் வாலுக்கு வேலை செய்யும் நட்சத்திரம் கூகளில் அப்படிச் செய்யாது. அங்கே அது ஒரு முழுச் சொல்லுக்கு உரிய இடத்தை நிரப்பும் குறி. இதைச் சொல்லித் தராமல் விட்டால் மாணவர் ஒருமுறை போட்டுப் பார்த்து, பயனில்லை என்று கைவிட்டுவிடுவார்.

நூலகப் பட்டியலுக்கு வருவோம். பெரிய நூலகங்கள் பலவற்றில் தமிழ் நூல்கள் ரோமன் எழுத்தில் பதிவாகியிருக்கும். அதற்கு அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் வகுத்த ஒலிபெயர்ப்பு முறை பரவலாகப் பின்பற்றப்படுகிறது. நாம் பேசுகிற ஒலியை அது பார்ப்பதில்லை, எழுத்தை மட்டும் பார்க்கும். ககரத்துக்கு எப்போதும் 'கே'தான், 'ஜி' கிடையாது. சகரத்துக்கு எப்போதும் 'சி'தான், 'எஸ்' கிடையாது. ழகரத்துக்கு 'எல்' எழுத்தின் அடியில் ஒரு கோடு. ஆக 'சங்கம்' என்பதை 'எஸ்'ஸில் தொடங்கித் தேடினால் சங்க இலக்கியமே நூலகத்தில் இல்லை என்றுதான் தோன்றும். 'மலேசியா'வில் உள்ள 'சி'யும் அப்படியே. 'தமிழ்' என்பதை இசட், எச் போட்டுத் தட்டுபவருக்கும் வெறுங்கைதான். அடிக்கோடு, மேற்கோடு எதையும் தட்ட வேண்டியதில்லை, பெரும்பாலான பட்டியல்கள் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. எழுத்து மட்டும் சரியாக இருந்தால் போதும். இந்த ஒரு விதியை மனத்தில் வைக்க ஐந்து நிமிடம் ஆகும். அது தெரியாததால் தமிழ் மாணவர் எத்தனை பேர் 'இங்கே தமிழ்ப் புத்தகம் குறைவு' என்ற எண்ணத்தோடு பட்டம் வாங்கிப் போகிறார்களோ!

பழைய கோப்புகளுக்கும் ஒரு சோதனை இருக்கிறது. இணையத்தில் கிடைத்த பிடிஎஃப் கோப்பைத் திறந்து, ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். தமிழ் எழுத்தே வந்தால் அந்தக் கோப்பின் உள்ளே சொல் தேடலாம். பொருளற்ற ரோமன் எழுத்துக் குவியல் வந்தால் அது ஒருங்குறிக்கு (யுனிகோடு) முந்தைய எழுத்துருவில் அடித்தது. எதுவுமே வராவிட்டால் அது வெறும் படம். பின் இரண்டு வகையிலும் 'இந்தச் சொல் இக்கோப்பில் இல்லை' என்று கணினி சொல்வதை நம்பக் கூடாது, கண்ணால்தான் படிக்க வேண்டும்.

இனி இரண்டாம் அமர்வு. இதுவே உயிர்நாடி என்பேன்.

ஓர் இணையப் பக்கம் நம்பத்தக்கதா என்று கண்டுபிடிக்க மாணவருக்குப் பொதுவாக ஒரு கேள்விப் பட்டியல் தருகிறோம்: யார் எழுதியது, எப்போது எழுதியது, முகவரி எதில் முடிகிறது, வடிவமைப்பு ஒழுங்காக இருக்கிறதா. இவற்றுக்கான விடைகளை அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்து தேடுகிறார் மாணவர். ஏமாற்ற நினைப்பவர் முதலில் ஒழுங்குபடுத்துவது அந்தப் பக்கத்தைத்தான். 'ஆர்க்' என்று முடியும் முகவரியை யாரும் காசு கொடுத்து வாங்கலாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்கும் சாரா மெக்ரூவும் 2017இல் 45 பேரை இதில் சோதித்தார்கள். 10 பேர் வரலாற்று ஆய்வாளர்கள், 10 பேர் தொழில்முறைச் செய்தி சரிபார்ப்பவர்கள், 25 பேர் அப்பல்கலைக்கழகத்தின் மாணவர்கள். குழந்தை மருத்துவர் அமைப்புகள் இரண்டின் தளங்கள் காட்டப்பட்டன. ஒன்று பல்லாயிரம் மருத்துவர்களைக் கொண்ட பழைய சங்கம், மற்றது 2002இல் அதிலிருந்து பிரிந்த சிறு குழு. ஆய்வாளர்களிலும் மாணவர்களிலும் பலர் தளத்தின் தோற்றத்திலும் சின்னத்திலும் மயங்கினார்கள். சரிபார்ப்பவர்கள் அந்தப் பக்கத்தில் நிற்கவே இல்லை. உடனே வெளியேறி, புதிய தாவல்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்து, மிகக் குறைந்த நேரத்தில் சரியான விடைக்கு வந்தார்கள். பெண்ணோ மாப்பிள்ளையோ பார்க்கும்போது பக்கத்து வீட்டில் விசாரிக்கிறோமே, அந்த வேலைதான்.

வகுப்பில் இதை நம் ஊர்ச் சரக்கை வைத்துப் பழக்கலாம். 'மலேசியாவில் தமிழ்க்கல்வி 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கியது' என்ற வரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2016இல் இருநூறாம் ஆண்டு கொண்டாடினோம், அந்த வரி ஆயிரம் இடத்தில் இருக்கிறது. மாணவர் செய்ய வேண்டிய முதல் வேலை, அதற்குள் எத்தனை கூற்றுகள் இருக்கின்றன என்று பிரிப்பது. அந்தப் பள்ளி 1816 அக்டோபர் 21இல் தொடங்கியது என்பது ஒன்று. அங்கே தமிழ் வகுப்பு நடந்தது என்பது இரண்டு. அந்த வகுப்பு அதே ஆண்டில் தொடங்கியது என்பது மூன்று. முதலாவதற்கு ஆதாரம் எளிதில் கிடைக்கும். அது கிடைத்தவுடன் மூன்றையும் நிரூபித்துவிட்டதாக நினைப்பதுதான் வழக்கமான சறுக்கல்.

இரண்டாம் வேலை: மூன்றாவது கூற்றைச் சொல்லும் பத்துப் பக்கங்களைத் திரட்டி, ஒவ்வொன்றும் யாரைச் சான்று காட்டுகிறது என்று ஒரு தாளில் அம்புக்குறி போட்டு வரைவது. பத்தும் தனித்தனி ஊற்றா, ஒன்றைப் பார்த்து மற்றது எழுதியதா என்பது படத்திலேயே தெரிந்துவிடும். மூன்றாம் வேலை, அன்றைக்கு இருந்தவர் இதை எதில் எழுதியிருப்பார் என்று கேட்பது. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் 'நியூஸ்பேப்பர்எஸ்ஜி' தொகுப்பில் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் முதல் தமிழ் முரசு வரை பழைய இதழ்களைத் தேடலாம். ஆனால் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் 1845இல்தான் பிறந்தது. 1816க்கு அது கண்கண்ட சாட்சி ஆகாது. பினாங்கிலேயே அப்போது வெளிவந்த 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் ஐலண்ட் கெசட்', பள்ளிக் குழுவின் அறிக்கைகள், கிழக்கிந்தியக் கும்பெனியின் கடிதங்கள் என்று தேட வேண்டிய இடம் மாறுகிறது. விழா எடுத்தது தப்பு என்று காட்டுவதற்காக இந்தப் பயிற்சி இல்லை. ஒரு வரியின் பாரத்தை எந்தத் தூண் தாங்குகிறது என்று தட்டிப் பார்க்கப் பழகுவதற்குத்தான்.

எண்கள் வந்தால் இன்னும் கவனம் வேண்டும். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசியாவில் இந்தியர் 6.7 விழுக்காடு. மொத்த மக்கள் 3 கோடியே 24 லட்சம். இரண்டையும் பெருக்கி 'மலேசியத் தமிழர் சுமார் 21 லட்சத்து 70 ஆயிரம்' என்று எழுதுகிறார் மாணவர். இதில் இரண்டு தவறு. 6.7 என்பது குடிமக்களில் உள்ள பங்கு, குடிமக்கள் சுமார் 2 கோடியே 98 லட்சம் பேர். சரியாகப் பெருக்கினால் 20 லட்சத்தை ஒட்டி நிற்கும். கிட்டத்தட்ட ஒன்றேமுக்கால் லட்சம் பேர் காற்றில் முளைத்திருக்கிறார்கள். அடுத்து, 'இந்தியர்' என்ற வகைக்குள் தெலுங்கர், மலையாளி, பஞ்சாபியர் எல்லாரும் இருக்கிறார்கள், அதைத் 'தமிழர்' என்று மாற்றி எழுத யாருக்கும் உரிமையில்லை. ஆக ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் 'எதில்?' என்ற கேள்வி. மில்லியனை லட்சமாக்கும்போது பத்தால் பெருக்க வேண்டும், பில்லியன் என்பது 100 கோடி என்பதையும் ஒருமுறை கரும்பலகையில் எழுதிப் போடுவது நல்லது. மொழிபெயர்ப்பில் பூச்சியம் தொலைவது நம் பத்திரிகைகளிலும் நடப்பதுதான், ஆசிரியர் மன்னிக்க.

பத்துமலைத் தைப்பூசத்துக்கு இத்தனை லட்சம் பேர் என்று ஆண்டுதோறும் வரும் எண்ணும் வகுப்புக்கு ஏற்றது. எண்ணியவர் யார், காவல்துறையா, கோயிலா? ஒரு நாள் கணக்கா, மூன்று நாள் கணக்கா? ஒரே நேரத்தில் நின்றவர்களா, வந்து போனவர்கள் எல்லாருமா? நெருக்கமாக நிற்கும் கூட்டத்தில் ஒரு சதுர மீட்டருக்கு நான்கு பேர் என்று வைத்து, வரைபடத்தில் திடலின் பரப்பை அளந்து பெருக்கச் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் நிற்கக்கூடியவர் எத்தனை பேர் என்ற உச்சவரம்பு கிடைக்கும். அதிலிருந்து பேச ஆரம்பிக்கலாம்.

புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வரும் செய்திகளுக்குத் தொடர்புத்துறை, பல்லூடக ஆணையம் 2017 மார்ச்சில் தொடங்கிய 'செபெனார்ஞா' என்ற செய்தி சரிபார்ப்புத் தளம் இருக்கிறது. அது கையில் எடுத்த செய்திகளுக்குத்தான் பதில் சொல்லும். 'அங்கே மறுக்கவில்லை, அப்படியானால் உண்மைதான்' என்று மாணவர் முடிவு கட்டிவிடக் கூடாது.

மூன்றாம் அமர்வு மேற்கோளுக்கு. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் 'பத்து ஆய்வுக் கட்டுரை கொடு' என்றால் கொடுத்துவிடும். உண்மையான ஆசிரியர் பெயரும் உண்மையான இதழின் பெயரும் இருக்கும், அப்படி ஒரு கட்டுரை மட்டும் உலகத்தில் இருக்காது. 2023 ஜூனில் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று, இல்லாத ஆறு வழக்குகளை இப்படி மேற்கோள் காட்டிய இரு வழக்கறிஞருக்கும் அவர்கள் நிறுவனத்துக்கும் சேர்த்து 5,000 டாலர் அபராதம் விதித்தது. சட்டம் படித்துத் தொழில் செய்பவர்களுக்கே இந்தக் கதி. அந்தச் செயலி ஒரு பட்டியலிலிருந்து எடுத்துத் தருவதாக மாணவர் நினைக்கிறார். அது செய்வது, இந்த இடத்தில் எந்தச் சொல் வந்தால் பொருத்தமாக இருக்கும் என்று கோத்துக்கொண்டு போவது. தேடலையும் இணைத்துக்கொண்ட செயலிகள் உண்மையான இணைப்பைத் தரலாம், ஆனால் இணைப்பின் பின்னால் இருக்கும் கட்டுரை செயலி சொன்னதைச் சொல்கிறதா என்பது வேறு கேள்வி.

சரிபார்ப்பது எளிது. ஆங்கிலக் கட்டுரைக்கு டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண் இருந்தால், 10 என்று தொடங்கும் அந்த எண்ணை டிஓஐ அமைப்பின் தளத்தில் இட வேண்டும். பக்கம் திறந்துவிட்டது என்று அத்தோடு விடாமல் தலைப்பையும் ஒப்பிட வேண்டும். எண் உண்மையாக இருந்து, அது வேறொரு கட்டுரைக்கு உரியதாக இருப்பது உண்டு. டிஓஐ இல்லாவிட்டால் முழுத் தலைப்பையும் மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடி, பிறகு அந்த இதழின் அந்தத் தொகுதியின் உள்ளடக்கப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். தமிழ் நூல்களுக்கு டிஓஐ அநேகமாக இருக்காது. அவற்றுக்கு மலேசியத் தேசிய நூலகத்தின் பட்டியல் இருக்கிறது. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இங்கே அச்சாகும் நூலின் படிகளைப் பதிப்பாளர் அங்கே ஒப்படைக்க வேண்டும். நூலின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னும் உதவும். மலேசியப் பதிப்பு என்றால் 978க்கு அடுத்து 967, 983, 629 ஆகிய மூன்றில் ஒன்று இருக்கும். 13 இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்று 1ஆலும் 3ஆலும் பெருக்கிக் கூட்டினால் 10ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். வகுபடாவிட்டால் எண் பிழை, ஒன்று தட்டச்சுத் தவறு அல்லது கற்பனை.

கட்டுரை உண்மையிலேயே இருந்து, பின்னர் விலக்கிக்கொள்ளப்பட்டதாகவும் இருக்கலாம். தட்டம்மைக்கும் இன்னும் இரு நோய்களுக்கும் சேர்த்துப் போடும் எம்எம்ஆர் தடுப்பூசிக்கும் மதியிறுக்கத்துக்கும் (ஆட்டிசம்) முடிச்சுப் போட்ட கட்டுரை 1998இல் 'லான்செட்' இதழில் 12 குழந்தைகளை வைத்து எழுதப்பட்டது. 2010இல் அந்த இதழே அதை விலக்கிக்கொண்டது. புலனத்தில் அது இன்னும் உலா வருகிறது. விலக்கப்பட்ட கட்டுரைகளின் 'ரிட்ராக்ஷன் வாட்ச்' தரவுத்தளத்தை யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

நம் பெயர்கள் தனிச் சிக்கல். மெண்டலே, ஸோட்டரோ போன்ற மேற்கோள் செயலிகள் பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். 'குமார் த/பெ இராமன்' எழுதிய கட்டுரை, பட்டியலில் இராமன் எழுதியதாகிவிடும். அப்பாவுக்குப் பெருமைதான், ஆனால் எழுதியவர் காணாமல் போகிறார். ரோமன் எழுத்தில், மகன், மகள் என்பதைக் குறிக்கும் 'ஏ/எல்', 'ஏ/பி' நடுப்பெயராக ஒட்டிக்கொண்டு இன்னும் அலங்கோலமாகும். ஸோட்டரோவில் ஆசிரியர் பெயருக்கு எதிரே உள்ள சிறு பொத்தானை அழுத்தி இரு கட்டத்தை ஒற்றைக் கட்டமாக்கி, முழுப்பெயரையும் அப்படியே இட்டால் செயலி அதைப் புரட்டாது. ஆண்டிலும் தடுமாற்றம் உண்டு. தனிநாயகம் அடிகளார் முன்னின்று கோலாலம்பூரில் நடத்திய முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு 1966 ஏப்ரலில் நடந்தது, அதன் கட்டுரைத் தொகுப்பு அதற்குப் பின்னர்தான் அச்சேறியது. மேற்கோளில் வர வேண்டியது தொகுப்பு வெளியான ஆண்டு.

மாணவர் எழுத்தைப் பிற எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் டர்னிடின் செயலி காட்டும் விழுக்காட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் நேர்மை, மேலே போனால் திருட்டு என்று மாணவர் மட்டுமல்ல, சில விரிவுரையாளர்களும் நம்புகிறார்கள். அது எழுத்து ஒத்துப்போகும் அளவு மட்டுமே. விலக்கி வைக்காவிட்டால் மேற்கோள் பட்டியலும் அதில் சேரும். ஆங்கிலக் கட்டுரையை வரிக்கு வரி தமிழாக்கி ஒட்டியவருக்கு அநேகமாக ஒற்றை இலக்கம்தான் வரும்.

இத்தனையும் சொல்லிக் கொடுத்தாலும், 'குறைந்தது பத்து மேற்கோள்' என்று இடுபணித் தாளில் ஒரு வரி இருந்தால் எல்லாம் வீண். மாணவர் மூன்றைப் படிப்பார், ஏழைப் பட்டியலில் மட்டும் சேர்ப்பார். எண்ணிக்கையைக் கேட்பதை நிறுத்திவிட்டு ஒரு பக்கத் தேடல் குறிப்பைக் கேளுங்கள்: எந்தச் சொற்களை எங்கே எந்தத் தேதியில் இட்டேன், எத்தனை வந்தது, எதைத் தள்ளினேன், ஏன் தள்ளினேன். மதிப்பெண்ணில் 20 விழுக்காடு இதற்கு ஒதுக்கலாம். கட்டுரையோடு சேர்த்து வாங்கினால் முதல் நாள் இரவில் கற்பனையாக எழுதிக் கொடுப்பார்கள், ஆகவே ஆறாம் வாரத்திலேயே வாங்கிவிட வேண்டும். கட்டுரை வந்தபின் பட்டியலிலிருந்து ஏதாவது ஒரு மேற்கோளைக் காட்டி, 'இதைத் திற, நீ சொன்ன வரி எங்கே இருக்கிறது காட்டு' என்று மூன்று நிமிடம் கொடுங்கள். ஒரு வகுப்பில் நாலு பேரை இப்படிக் கேட்டால் போதும், மற்றவர்களுக்குச் செய்தி போய்விடும்.

ஆசிரியர் அவர்களே, இதில் பத்திரிகையின் பங்கும் இருக்கிறது. 1924இல் தொடங்கி 2019 தொடக்கத்தில் நின்றுபோன தமிழ் நேசனின் பக்கங்கள் இல்லாமல் இந்நாட்டுத் தமிழர் வரலாற்றை எழுத முடியாது. இன்றைய உங்கள் பக்கம் நாளைக்கு அதே இடத்தில் இருக்கும். மின்னிதழைப் படமாக ஏற்றாமல் ஒருங்குறி எழுத்தாக ஏற்றினால் தேடலில் சிக்கும். ஒவ்வொரு செய்தியின் இணையப் பக்கத்திலும் அச்சில் வந்த தேதியும் பக்க எண்ணும் இருந்தால் மாணவர் ஒழுங்காக மேற்கோள் காட்டுவார். இப்போது பலர் 'முகநூலில் பகிரப்பட்ட நாளிதழ் செய்தி' என்று எழுதி அனுப்புகிறார்கள். தளத்தை மாற்றி அமைக்கும்போது பழைய இணைப்புகளை உடைக்காமல் விடுங்கள். திருத்தம் வெளியிடும்போது பிழை வந்த நாளையும் பக்கத்தையும் கூடவே போடுங்கள். ஐந்தாண்டு கழித்து அந்தப் பழைய செய்தியை மட்டும் எடுத்துப் படிக்கும் மாணவருக்கு, அது திருத்தப்பட்டது என்று தெரிய வேறு வழியில்லை.

கல்லூரி நூலகர்,
கோலாலம்பூர்